நடுவராக வரச் சொன்ன தோழர்களுக்கு: அந்தத் தலைப்பில் என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது

அமெரிக்காவில் இருக்கும் அன்புள்ள வகுப்பு நண்பர்களுக்கு,

வணக்கம். தை மாதம் நம் கல்லூரியில் உங்கள் செலவில் நடக்கப்போகிற மாணவர் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராக வரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். தலைப்பைப் பார்க்கும் வரை மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. "அமெரிக்கக் கறுப்பின மக்கள் பின்தங்கியிருப்பதற்குக் காரணம் அமைப்பா? உழைப்பின்மையா?" என்று போட்டிருக்கிறீர்கள். இது சரியாகப் படவில்லையே என்று போனில் நான் இழுத்தபோது உங்களில் ஒருவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "நாம ரெண்டு பெட்டியோட போய் இறங்கினவங்க. நம்மள எந்த அமைப்பு தடுத்துச்சு? உழைச்சோம், வந்தோம். அவங்களும் உழைச்சா வரலாம்ல?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கொரோனா நேரத்தில் மதுரைக்கு ஆக்சிஜன் கருவி அனுப்ப முதலில் கை தூக்கியவரே அவர்தான். அதனால்தான் போனில் சண்டை போடாமல் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன், மேடையேறப் போகிற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே.

முதலில் நான் கையெழுத்துப் போட்ட இரண்டு கோப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2003 வாக்கில் மேலூர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். ஒரே மாதத்தில் இரண்டு பேர் வீட்டுக் கடன் கேட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பஸ் டெப்போவில் வேலை, ஒருவர் டிரைவர், இன்னொருவர் கண்டக்டர். சம்பளச் சீட்டில் பெரிய வித்தியாசம் இல்லை, சர்வீஸ் அதிகம் என்பதால் கண்டக்டருக்குத்தான் நானூறு ரூபாய் போலக் கூட. டிரைவர் ஊருக்குள் இருப்பவர். கண்டக்டர் காலனியில் இருப்பவர். (அந்தச் சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025-ல் முதலமைச்சர் அறிவித்தார். அதுவரை எல்லாத் தாளிலும் அப்படித்தான் எழுதினோம், நானும்தான்.)

டிரைவர் கொண்டுவந்த கட்டில் தாத்தா பெயரில் கிரையப் பத்திரம், அப்புறம் பாகப்பிரிவினை, பட்டா, சிட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, எல்லாம் வரிசையாக இருந்தன. எங்கள் வக்கீல் மறுநாளே ஒப்பீனியன் கொடுத்துவிட்டார். கண்டக்டர் கொண்டுவந்தது ஒரே ஒரு தாள். ஆதிதிராவிடர் நலத்துறை மூலம் அவர் அப்பாவுக்குக் கிடைத்த இலவச வீட்டுமனைப் பட்டா. மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அந்தத் தாள், மடித்த கோட்டில் கிழிந்து பின்னால் வேறொரு காகிதம் வைத்து ஒட்டியிருந்தது, தாசில்தாரின் பச்சை மைக் கையெழுத்து லேசாகக் கசிந்திருந்தது. பட்டா கொடுத்தார்களே தவிர இடத்தை அளந்து உட்பிரிவு செய்து கிராமக் கணக்கில் ஏற்றவே இல்லை. சிட்டாவை எடுத்துப் பார்த்தால் அந்தப் புல எண்ணில் நிலத்தின் பழைய சொந்தக்காரர் பெயர்தான் இருக்கிறது. வக்கீல் எழுதினார்: "தாய்ப்பத்திரம் இல்லை. அடமானத்துக்கு ஏற்றதல்ல." அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "மேடம், அரசாங்கம் குடுத்த பட்டாவ அரசாங்க பேங்கே நம்பலைன்னா நான் வேற யாருகிட்ட மேடம் போறது?" என்று கேட்டார். வி.ஏ.ஓ.வைப் பாருங்கள், தாலுகா ஆபீசில் மனுக் கொடுங்கள் என்றேன். ஏற்கெனவே பதினோரு தடவை போயிருக்கிறேன் என்றார்.

அவர் வீடு கட்டாமல் இல்லை, கட்டினார். டெப்போ சொசைட்டியில் எடுத்தது போக மீதியை வட்டிக்கு வாங்கினார், மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. எங்கள் வங்கியில் அப்போது வருடத்துக்கே எட்டரை, ஒன்பது. டிரைவர் பத்து வருடம் கழித்து அதே வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுத்துப் பையனை இன்ஜினியரிங் படிக்க வைத்தார், அந்தப் பையன் இப்போது உங்கள் பக்கம், டெக்சாஸில் இருக்கிறான். கண்டக்டரின் மகளுக்குத் தனியார் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தும் சேரவில்லை, அந்த வருடம் வட்டிக்காரருக்குக் கட்ட வேண்டியிருந்தது. இதை அவரே மாட்டுத்தாவணியில் ஒருநாள் பார்த்தபோது சொன்னார், குறையாகக்கூட இல்லை, "பாப்பா நல்லா இருக்கு மேடம், ஜவுளிக்கடையில இருக்கு" என்று.

இப்போது உங்கள் தலைப்பை எடுத்து இந்த இரண்டு வீட்டுக்கும் போட்டுப் பாருங்கள். உழைப்பின்மை எந்த வீட்டில் இருந்தது? வெறுப்புதான் யாரிடம் இருந்தது? வக்கீல் நல்ல மனிதர். என் மனதில் அன்றைக்குத் துளி சாதி எண்ணம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். விதி எல்லாருக்கும் பொதுவானது, விதிப்படிதான் இரண்டு கோப்பையும் பார்த்தேன். ஆனால் தாத்தா காலத்தில் யாருக்கு நிலம் வாங்க முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்பது அந்த விதிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அமைப்பு என்று சொன்னால் ஏதோ சதிக் கூட்டம் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நான் அதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன், அதற்கு என் பேனாவும் மையும் போதுமானதாக இருந்தன. இந்த இருபது வருடத்தில் அதை நினைக்காமல் என்னால் ஒரு பட்டாவைக் கையில் வாங்க முடிந்ததில்லை.

அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவின் வீட்டுக் கடன் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அது அந்நிய நாட்டுக் கதையாகவே தோன்றவில்லை. 1930-களில் அங்கே வீட்டுக் கடனுக்காக அரசு அமைத்த நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது, நல்ல இடத்துக்குப் பச்சை, அடுத்து நீலம், மஞ்சள், ஆபத்தான இடத்துக்குச் சிவப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம், அதில் கறுப்பினத்தவர் இருக்கிறார்களா, எத்தனை சதவீதம் என்று நிரப்புவதற்கு ஒரு கட்டம். கறுப்பினத்தவர் குடியிருக்கும் பகுதி கிட்டத்தட்ட எப்போதும் சிவப்பு. 1934-ல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் அடமானக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது, அதன் 1938 கையேடு, கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்பது போன்ற இனக் கட்டுப்பாட்டு நிபந்தனைகளைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லிப் பரிந்துரைத்தது. ஒரு கடன் அதிகாரியாகச் சொல்கிறேன், அரசு உத்தரவாதம் இல்லாத இடத்தில் எந்த வங்கி மேலாளரும் கை வைக்க மாட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே வராது.

போருக்குப் போய் வந்த வீரர்களுக்கு 1944 சட்டத்தில் கடன் வசதி தந்தார்கள். சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல் கிடையாது. 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த கடன்கள் 3,200-க்கும் மேல், அதில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2. சிகாகோ போன்ற நகரங்களில் வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கின, விலையும் அநியாயம், ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். நம்மூர்க் கந்துவட்டி தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

"அதெல்லாம் பழைய கதை, சட்டம் மாறி அறுபது வருடம் ஆச்சு" என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, மாறியது. 1964-ல் குடிமை உரிமைகள் சட்டம், 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் வீட்டுவசதிச் சட்டம். ஆனால் கூட்டு வட்டி என்றால் என்ன என்று கணிதம் படித்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? 1950-ல் வாங்கிய வீடு விலை ஏறும், அதை வைத்துப் பிள்ளை படிக்கும், பிள்ளை இன்னொரு வீடு வாங்கும். வாங்க விடாத குடும்பத்துக்கு அந்தக் கணக்கு தொடங்கவே இல்லை. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், அதே போல நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்துடையது 44,900 டாலர். சம்பளத்தில் இருக்கிற இடைவெளியைவிடச் சொத்தில் இருக்கிற இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பது ஏன் என்று யோசியுங்கள். சம்பளம் இன்றைக்கு உழைப்பது, சொத்தில் தாத்தாவும் இருக்கிறார்.

மதுரைக்காரர்களுக்கு இது புரியாமல் போகக் கூடாது. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனதை நாம் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அன்றைக்குக் கோயிலுக்குள் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பெயர் கிராமக் கணக்கில் ஏற இன்னும் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறார்கள்.

அடுத்து, நம்முடைய இரண்டு பெட்டிக் கதை. உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான், ஹாஸ்டலில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எப்படிப் படித்தீர்கள் என்று தெரியும். ஆனால் உங்களை எந்த அமைப்பும் தடுக்கவில்லை என்பதற்குக் காரணம், தடுத்த அமைப்பை வேறு யாரோ உங்களுக்கு முன்னால் போராடி எடுத்துவிட்டார்கள் என்பதுதான். 1917-ல் அமெரிக்கச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதிக்கே தடை போட்டது, இந்தியாவும் அதில் சேர்த்தி. 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்காரர், முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், குடியுரிமை கேட்டு அங்கே உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் தரப்பு வைத்த வாதம் என்ன தெரியுமா? அவர் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பது. அமெரிக்கர் கறுப்பரைப் பார்க்கிறபடிதான் உயர்சாதி இந்தியர் இங்கத்திய ஆதிகுடிகளைத் திருமண விஷயத்தில் பார்க்கிறார்கள் என்று அந்த மனுவிலேயே எழுதினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன் பிறகு ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களும் அதை இழந்தார்கள். எனக்கு அந்த மனுவைப் படிக்கும்போது தோல்வியைவிட அந்த வாதம்தான் வலித்தது. பக்கத்தில் இருப்பவரை மிதித்துக்காட்டி நானும் உங்கள் ஆள் என்று சொல்லிப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை.

1946-ல் வருடத்துக்கு 100 இந்தியர் வரலாம் என்றார்கள். கதவு நிஜமாகத் திறந்தது 1965 அக்டோபரில், குடியேற்றச் சட்டம் மாறியபோது. அதே வருடம் மார்ச்சில்தான் அலபாமா மாநிலத்தின் செல்மா ஊர்ப் பாலத்தில் வாக்குரிமை கேட்டுப் போன கறுப்பின மக்களைப் போலீஸ் அடித்து விரட்டியது, ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இரண்டு சட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர் ஒரே அதிபர், லிண்டன் ஜான்சன். இன அடிப்படையில் ஆளைப் பிரிப்பது தவறு என்று அந்த நாட்டைச் சொல்ல வைத்தது அவர்கள் வாங்கிய அடி. அந்தப் புண்ணியத்தில்தான் உங்கள் விசா.

அந்தச் சட்டமும் அதற்குப் பின் 1990-ல் வந்த ஹெச்-1பி விசாவும் படித்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தன. அமெரிக்காவில் இருக்கும் இந்திய வம்சாவளியினரில் 25 வயதைத் தாண்டியவர்களை எடுத்தால் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் பட்டதாரிகள். நம் ஊரில் அந்தக் கணக்கு எங்கே வரும்? நம் வகுப்பிலிருந்து போனது எத்தனை பேர், அவர்களில் காலனியிலிருந்து வந்தவர் எத்தனை பேர் என்று உங்கள் குழுப் படத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நைஜீரியர்கள் நன்றாக இருக்கிறார்களே, அவர்களும் கறுப்பர்கள்தானே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் அதே பதில்தான், அவர்களிலும் படித்தவர்களே பெரும்பாலும் போக முடிகிறது. வடிகட்டி எடுத்ததை வடிகட்டாததோடு வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

எதிரணிக்கும் நியாயம் சொல்லாவிட்டால் நான் என்ன நடுவர். எல்லா இடைவெளிக்கும் இன்றைய பாகுபாடே காரணம் என்று சொன்னால் அது பொய். குடும்பம் உடைவது, பள்ளியின் தரம், வயது, எந்த ஊரில் வாழ்கிறார்கள் என்பது, எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் கறுப்பின அறிஞர்களிலேயே சிலர் இதை அழுத்திச் சொல்கிறார்கள், அவர்களைத் துரோகி என்று ஒதுக்குவது சரியில்லை. பிரிட்டனில் 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் 1993-ல் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்த மெக்பர்சன் அறிக்கை 1999-ல் லண்டன் காவல்துறையிலேயே நிறுவன ரீதியான இனவாதம் இருக்கிறது என்றது. அதே நாட்டில் 2021-ல் அரசு அமைத்த இன்னொரு குழு, சிறுபான்மையினருக்கு எதிராக வேண்டுமென்றே அமைக்கப்பட்ட முறை இப்போது இல்லை என்றது, அதற்குக் கடும் எதிர்ப்பும் வந்தது. ஆக விவாதம் உயிரோடு இருக்கிறது, பிள்ளைகள் தாராளமாகப் பேசட்டும்.

ஆனால் 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல்லில்தான் என் வழக்கே இருக்கிறது. 1986-ல் அமெரிக்காவில் ஒரு போதைப்பொருள் சட்டம் வந்தது. 500 கிராம் கோகெய்ன் பொடிக்கு என்ன குறைந்தபட்சத் தண்டனையோ அதே ஐந்து வருடம், 5 கிராம் கிராக் கோகெய்னுக்கு. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு வடிவம், கிராக் வழக்கில் பிடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். 2010-ல்தான் 100-க்கு 1 என்ற அந்த விகிதத்தை 18-க்கு 1 என்று குறைத்தார்கள். இடைப்பட்ட 24 வருடத்தில் சிறைக்குப் போன அப்பாக்களை எண்ணிவிட்டு, அப்புறம் அவர்கள் குடும்பம் ஏன் உடைந்தது என்று கேட்கலாம்.

ஒரு சமூகத்தையே சிறைப்படுத்திய சட்டம் நம் பக்கமும் இருந்தது. குற்றப் பரம்பரை என்று சொன்னதும் உங்களில் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். கைரேகைச் சட்டம் என்று உங்கள் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். ஒரு சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி என்று எழுதி, ரேகை எடுத்து, ராத்திரி போலீஸ் கச்சேரியில் வந்து படுக்க வைத்த சட்டம். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். அவர்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் ரோசாப்பூ துரை என்றே கூப்பிட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் போனது. அந்த மக்களைப் பார்த்து அன்றைக்கு அதிகாரிகளும் இதையேதான் சொன்னார்கள், இவர்களுக்கு உழைக்கத் தெரியாது, ரத்தத்திலேயே திருட்டு என்று. அதைக் கேட்டால் இன்றைக்கும் கொதிக்கிற நமக்கு, வேறு ஒரு ஊரில் வேறு ஒரு மக்களைப் பற்றி அதே பேச்சு எப்படி இயல்பாக வாயில் வருகிறது?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தலித் தலைவருக்கு என்று ஒதுக்கப்பட்டதும் 1996-லிருந்து 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்தவே முடியவில்லை. இவையும் நம் மாவட்டம்தான். மேலே இருப்பவன் தந்த அடியை வாங்கியவர்களும் கீழே இருப்பவருக்கு அடி கொடுக்க முடியும். அமெரிக்காவில் உங்கள் இடமும் அப்படித்தான் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. 2023-ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். அங்கே இனப் பாகுபாடும் இல்லை, நாம் கொண்டுபோன சாதியும் இல்லை என்றால் எல்லாம் அவரவர் தலையெழுத்து என்றுதான் முடியும்.

இனமும் சாதியும் ஒன்றா என்று கேட்காதீர்கள், ஒன்றில்லை. நிறம் வெளியே தெரியும், சாதியை ஊர் பேரும் அப்பா பேரும் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் வேலை செய்கிற விதத்தில் உறவு இருக்கிறது. 1959-ல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர்களில் ஒருவர் என்று பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்தினார். "முதலில் அதிர்ச்சியும் எரிச்சலும் வந்தது, அப்புறம் யோசித்தேன், ஆமாம், நான் அப்படித்தான்" என்று பின்னாளில் கிங்கே சொன்னார். வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்த ஆய்வுகளும் அப்படியே. தகுதி எல்லாம் ஒன்றுபோல வைத்துப் பெயரை மட்டும் மாற்றி பாஸ்டனிலும் சிகாகோவிலும் அனுப்பிய ஆய்வு 2004-ல் வெளிவந்தது, வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. இந்தியாவில் தனியார் நிறுவனங்களுக்கு அதே மாதிரி அனுப்பியதை 2007-ல் வெளியிட்டார்கள், தலித் பெயருக்கு அழைப்பு குறைவு. விண்ணப்பத்தில் இருந்த அந்த ஆள் சோம்பேறியாக இருக்க வழியே இல்லை நண்பர்களே, அப்படி ஒரு ஆளே கிடையாது, வெறும் தாள்.

என் கோரிக்கை சின்னது. தலைப்பிலிருந்து 'உழைப்பின்மை' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அது கேள்வியே இல்லை, தீர்ப்பு. "தலைமுறை தாண்டியும் ஏற்றத்தாழ்வு நிற்பது எதனால்: சட்டமா, சந்தையா, குடும்பமா?" என்று மூன்று அணியாக வையுங்கள். அமெரிக்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்கக் கணக்கோடு வரட்டும். கூடவே ஒன்று, பேசப்போகிற ஒவ்வொரு பிள்ளையும் மேடைக்கு வருவதற்கு முன் தன் வீட்டுப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வரட்டும், யார் பெயரில், எந்த வருடம், யாரிடமிருந்து என்று. இல்லாத வீட்டுப் பிள்ளை ஏன் இல்லை என்று வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும். அந்தக் கண்டக்டர் ரிட்டயர் ஆகிவிட்டார், சம்மதித்தால் முன்வரிசையில் உட்காரக் கூட்டிவருகிறேன். அவர் பட்டா போன வருடம்தான் கணக்கில் ஏறியது.

பிளெக்ஸும் அழைப்பிதழும் வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. அதற்கு முன் தலைப்பு மாறினால் சொல்லுங்கள், நடுவராக வருகிறேன். மாறாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள், நான் பார்வையாளராக வந்து உட்கார்ந்து, கேள்வி நேரத்தில் இதையே எழுந்து கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் வகுப்புத் தோழி,
மதுரை